விருந்துக்கு முன்பே ஓர் அழைப்பு

திருமண வரவேற்பு, பிள்ளையின் முதல் பிறந்தநாள், புதுமனை புகுவிழா... நம் வீட்டு விசேஷம் எதுவானாலும் ஒரு பயம் மட்டும் மாறுவதில்லை. “சாப்பாடு பத்தாமல் போய்விட்டால்?” நூறு பேரை அழைத்துவிட்டு நூற்றிருபது பேருக்கு ஆர்டர் கொடுப்போம். அன்று பார்த்து மழை கொட்டும். வருவது எண்பது பேர்.

இரவு பத்து மணிக்கு, கிளம்புகிறவர்கள் கையில் எல்லாம் பொட்டலம் கொடுத்த பிறகும் இரண்டு டிரே பிரியாணி மீந்திருக்கும். “இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடலாமே” என்று அப்போதுதான் யாராவது சொல்வார்கள்.

நல்ல எண்ணம்தான். ஆனால் நேரம் கடந்துவிட்டது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் இருந்தால் கிருமிகள் வேகமாகப் பெருகும். கேட்டரிங் உணவைச் சமைத்த 4 மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது இங்குள்ள விதி. மாலை 5 மணிக்குச் சமைத்ததை இரவு 10 மணிக்கு நம் பிள்ளைக்கே கொடுக்கத் தயங்குவோம். தனியாக வாழும் ஒரு முதியவருக்கு மட்டும் எப்படிக் கொடுப்பது?

2023ல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு ஏறக்குறைய 755,000 டன். கொடுக்க மனமிருந்தும், ‘யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் வழக்கு வருமோ’ என்று பல உணவகங்கள் ஒதுங்கின. அந்த அச்சத்தைப் போக்கவே 2024 ஆகஸ்டில் உணவு நன்கொடைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கொடுப்பவருக்கு அது பாதுகாப்பு தருகிறது, நிபந்தனைகளுடன். கொடுக்கும்போது உணவு கெடாமல் இருக்க வேண்டும். சுகாதார விதிகளைப் பின்பற்றியிருக்க வேண்டும். எப்படிக் கையாள வேண்டும், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பதைப் பெறுபவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதனால் உணவைக் காப்பாற்றும் வேலை விருந்துக்கு முன்பே தொடங்க வேண்டும். மண்டபம் பதிவு செய்யும் வாரத்திலேயே ஓர் உணவு மீட்புக் குழுவை அழைத்துப் பேசுங்கள். சமைத்த உணவை எல்லாக் குழுக்களும் ஏற்பதில்லை. ஏற்பவர்களுக்கும் தொண்டூழியர், வாகனம் ஏற்பாடு செய்ய அவகாசம் தேவை. விருந்தன்று எல்லா டிரேயையும் ஒரே நேரத்தில் திறக்க வேண்டாம். கூட்டம் குறைவு என்று தெரிந்த உடனேயே, கரண்டி படாத டிரேக்களைச் சூடு ஆறாமல் மூடி அனுப்பிவிடுங்கள். சமைத்த நேரம், ஹலாலா, சைவமா, கடலை, முந்திரி சேர்ந்ததா என்று ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டுங்கள்.

அரிசி மூட்டை, எண்ணெய், டின் உணவு மீந்தால் கவலை குறைவு. 2003ல் தொடங்கிய ‘ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட்’, 2012ல் தொடங்கிய ‘ஃபுட் பேங்க் சிங்கப்பூர்’ போன்ற அமைப்புகள் இருக்கின்றன. காலாவதித் தேதியை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த விசேஷத்துக்கு கேட்டரிங்காரரை அழைக்கும்போது, அதே கையோடு இன்னொரு எண்ணையும் அழையுங்கள். பிரியாணி சூடாக இருக்கும்போதே இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரட்டும்.