பெடல் பஞ்சாக இருந்தால்

வேலூர் லாங் பஜாரில் காரோட்டுகிறவருக்கு ஆக்ஸிலரேட்டரால் அதிகப் பிரயோஜனம் கிடையாது. நேதாஜி மார்க்கெட்டுக்குக் காய்கறி வாங்க வரும் கூட்டம், மூட்டை இறக்கும் லாரி, குறுக்கே நுழையும் ஆட்டோ, இத்தனைக்கும் நடுவே அவருடைய மானத்தையும் பிறருடைய பிராணனையும் காப்பாற்றுவது பிரேக் ஒன்றுதான். புதுக் கார்களைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. பாட்டனார் விட்டுப்போன அம்பாசிடரையோ மாரிஸ் மைனரையோ பக்தியுடன் பாதுகாத்து, நல்ல நாளில் குழந்தை குட்டிகளுடன் வெளியே எடுக்கிற குடும்பங்களைப் பற்றித்தான் கவலை. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் ஒரே எண்ணெய்ப் பாதைதான். அதில் ஓரிடத்தில் கோளாறு என்றால் நான்கு சக்கரங்களுக்கும் சேர்ந்தே வரும். பிறகு மிஞ்சுவது கம்பியால் இழுக்கும் கைப்பிரேக் மட்டுமே.

இவ்வகை வண்டிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. "பிரேக்குக்கு ஏர் எடுத்தாயிற்று, ஆனாலும் பெடல் பஞ்சு மாதிரி அமுங்குகிறது" என்பார்கள். மறுபடியும் ஏர் எடுப்பார்கள், மறுபடியும் பஞ்சுதான். இரண்டு முறை எடுத்தும் குணப்படவில்லையென்றால், மூன்றாம் முறை ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

திரவத்தை அமுக்கிச் சுருக்குவது அநேகமாக இயலாது. காற்றைச் சுலபமாகச் சுருக்கலாம். குழாயில் காற்று புகுந்துவிட்டால் காலின் பலம் அதைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடுகிறது. இதைத் தடுக்க வேண்டிய காவற்காரர்கள், சிலிண்டர்களுக்குள் இருக்கும் சிறிய ரப்பர் கிண்ணங்கள். ஆம்பூர், வாணியம்பாடி வாசகர்களுக்கு ஒரு சுவையான செய்தி: ஆதியில் இந்த வேலையைச் செய்தது ரப்பர் அல்ல, தோல்! அமெரிக்காவில் மால்கம் லாக்ஹீட் என்பவர் ஹைட்ராலிக் பிரேக்கை உருவாக்கினார். 1921-ல் டூசன்பர்க் கார் அதை நான்கு சக்கரங்களிலும் ஏற்றது. தோல் கிண்ணங்கள் எண்ணெயைக் கசியவிட்டுத் தொல்லை கொடுத்தன. 1924-ல் வந்த கிரைஸ்லர் காரில் ரப்பர் கிண்ணங்கள் இடம் பெற்ற பிறகே இந்த முறை நிலைத்தது. சைக்கிள் பம்பின் தோல் வாஷர் காய்ந்துபோனால் காற்று ஏறாமல் நம்மைப் படுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நோயின் குறிகளுக்கு வருவோம். முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கி, இரண்டாம் மூன்றாம் மிதியில் உயர்ந்து கெட்டியாக நின்றால், பெரும்பாலும் குற்றம் காற்றினுடையது அல்ல. டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டது. ஷூவைச் சரியாக அட்ஜஸ்ட் செய்யாமல் ஏர் எடுப்பது வீண் வேலை. நிதானமாக மிதித்தபடி காலை வைத்திருக்கையில் பெடல் மெல்ல மெல்லத் தரையை நோக்கிப் போனால், எங்கேயோ எண்ணெய் கசிகிறது. வெளியே ஒரு துளி ஈரமும் தென்படவில்லையா? அப்படியானால் மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே கிண்ணத்தைத் தாண்டி எண்ணெய் திரும்புகிறது. எத்தனை ஏர் எடுத்தாலும் பஞ்சுத்தன்மை போகவில்லையென்றால் நிப்பிளைப் பாருங்கள். காற்று மேலே ஏறும் வஸ்து. வீல் சிலிண்டரைக் கழற்றி மாட்டும்போது இடது வலது மாறி, நிப்பிள் கீழ்ப்பக்கம் வந்துவிட்டால், பொழுது விடியும்வரை மிதித்தாலும் மேலே தங்கிய காற்று வெளிவராது.

மாஸ்டர் சிலிண்டரைப் பற்றி இன்னும் சற்றுச் சொல்ல வேண்டும். மாரிஸ் மைனரில் அது டிரைவரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. மூடி விரிப்புக்கு அடியில். ஆகவே அதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஏர் எடுக்கிற அவசரத்தில் எண்ணெய் வற்றிவிட்டால் பழைய காற்றுக்குப் பதில் புதுக் காற்று புகுந்துவிடும். இன்னொரு சூட்சுமம். தினசரி ஓட்டத்தில் கிண்ணம் சிலிண்டரின் பாதித் தூரமே போய்வருகிறது. அப்பாலுள்ள பகுதியில் வருஷக்கணக்காய்த் துரு படிந்திருக்கும். ஏர் எடுப்பதற்காகப் பெடலைத் தரைவரை மிதித்தால் கிண்ணத்தின் மெல்லிய விளிம்பு அத்துருவில் உராய்ந்து கிழியும். நேற்றுவரை நன்றாயிருந்த பிரேக் பழுதுபார்த்த மறுநாளே கைவிடுவது இப்படித்தான். பெடலுக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு மிதித்தால் இந்த விபரீதம் இல்லை. மிதிக்கிறவர் வீட்டுப் பெண்மணியாகவோ பள்ளிக்கூடத்துப் பையனாகவோ இருக்கலாம். ஆனால் "மூடியாயிற்று" என்று கேட்ட பிறகே காலை எடுக்க வேண்டும். முன்னதாக எடுத்தால் நிப்பிள் வழியாகக் காற்று உள்ளே போகும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரமான சக்கரத்தில், அதாவது நம் நாட்டு வண்டிகளில் சாதாரணமாக இடது பின் சக்கரத்தில், ஆரம்பிப்பது வழக்கம். வெளியே வந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றும் சிக்கனம் வேண்டாம்.

சக்கரங்களில் கசிவைக் கண்டால் ரப்பர் கிண்ணங்களை மாற்றிவிட வேண்டியதுதான். சென்னைப் பாடியில் 1962-லேயே பிரேக்ஸ் இந்தியா கம்பெனி தோன்றிவிட்டது; பிரேக் சாமான்கள் செய்வது நம் ராஜதானிக்குப் புதிதல்ல. ஆனால் அலமாரியில் பல வருஷம் கிடந்து விறைத்துப்போன ரப்பரை விலை மலிவென்று வாங்கக் கூடாது.

கடைசியாக எண்ணெய். அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பிரேக் பிடித்துக்கொள்ளும். அப்புறம் எல்லா ரப்பரையும் மாற்றி, குழாய்களையும் கழுவ வேண்டும். டப்பாவில் டாட் 3 அல்லது டாட் 4 என்று இருப்பது நம் காரியத்துக்கு ஏற்றது. இவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமில்லாத டாட் 3 குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. ஈரமேறிய பின் அவ்வெல்லை 140-க்கு இறங்கிவிடுகிறது. ஏலகிரி மலையிறக்கத்தில் டிரம் சூடேறும்போது இந்த வித்தியாசம் காலுக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது. பெயிண்டில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். டாட் 5 என்று தனியாக எழுதியிருப்பது சிலிகோன் வகை; பழைய எண்ணெயுடன் சேராது. அந்த டப்பாவைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம்.