'நோபடி' வந்தால் 777தான் மருந்தா?

வேறொரு மெஷினில் இருக்கும் ஃபோல்டரை என்.எஃப்.எஸ் வழியாக மவுண்ட் செய்கிறோம். பார்த்தால் எல்லா ஃபைலுக்கும் சொந்தக்காரர் 'நோபடி'! நம்மில் பலர் உடனே செய்வது என்ன? சர்வரில் ரூட்டாக நுழைந்து 'சிமாட் 777'. தலைவலிக்குத் தலையையே எடுக்கிற வைத்தியம் இது. லேபில் யார் வேண்டுமானாலும் உங்கள் ப்ராஜெக்ட்டை அழிக்கலாம் என்று கதவைத் திறந்து வைத்தாயிற்று. நோபடியோ அப்படியே உட்கார்ந்திருப்பார்.

விஷயம் இதுதான். என்.எஃப்.எஸ் 3 சொந்தக்காரரை எண்ணாகவே அனுப்பும். 2000-ல் வரையறுக்கப்பட்ட பதிப்பு 4, 'பெயர்@டொமைன்' என்று அனுப்பச் சொன்னது. இரு பக்கமும் டொமைன் ஒத்துப்போகாவிட்டால் கிளையண்ட் கையை விரித்துவிட்டு 65534 என்று போட்டுவிடும். அதுதான் நோபடி. ஆனால் கெர்பரோஸ் இல்லாத சாதாரண மவுண்ட்டில், ஃபைலைத் தொட அனுமதி கேட்கும்போது சர்வருக்குப் போவது பழையபடி உங்கள் எண்தான்! அதனால்தான் நோபடி என்று காட்டும் ஃபைலில் எழுத முடிகிறது. உங்கள் பெயரையே காட்டும் ஃபைலில் எழுத முடியாமலும் போகிறது. பெயர் கண்ணுக்கு, எண் கதவுக்கு.

ஆகவே எதையும் மாற்றும் முன், சர்வரிலும் கிளையண்டிலும் 'எல்எஸ் -எல்என்' அடித்து எண்களை ஒப்பிடுங்கள்.

1. சர்வரில் சரியான எண், கிளையண்டில் 65534: பெயர் மாற்றத்தில் கோளாறு. இரு பக்கமும் 'ஐடிமேப்டி.கான்ஃப்' ஃபைலில் டொமைன் ஒன்றாக இருக்கிறதா, அந்தப் பயனர் கிளையண்டில் இருக்கிறாரா என்று பாருங்கள். சரிசெய்தபின் கிளையண்டில் 'என்எஃப்எஸ்ஐடிமேப் -சி' கொடுத்துப் பழைய நினைவை அழியுங்கள்.

2. இரு பக்கமும் ஒரே எண், ஆனால் வேறு பெயர்: இங்கே 1001 நீங்கள், அங்கே 1001 வேறொருவர். இப்போதைய லினக்ஸ் கர்னல்கள் சாதாரண மவுண்ட்டில் எண்ணையே அனுப்புவதால், முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

3. சர்வரிலேயே 65534: ரூட்டாக இருந்து எழுதியிருப்பீர்கள். 'ரூட் ஸ்குவாஷ்' அதன் வேலையைச் செய்திருக்கிறது. அது பாதுகாப்பு, கோளாறு அல்ல. அதை அணைக்காதீர்கள், சாதாரணப் பயனராக எழுதுங்கள்.

என் கருத்து: இரண்டாவது வகைக்கு ஒவ்வொரு மெஷினிலும் கணக்கை ஒட்டுப்போடுவது வீண் வேலை. பத்து மெஷின் இருந்தாலே எல்டாப் மாதிரி ஒரு பொதுக் கணக்குப் பட்டியல் வைத்துவிடுவது நல்லது. சொந்த லேப்டாப்பில் மவுண்ட் செய்ய அனுமதிக்கும் இடத்தில் அதுவும் போதாது. தன் லேப்டாப்பில் ரூட்டாக இருப்பவர் 1001 என்று ஒரு கணக்கு உருவாக்கினால், சர்வர் அவரை நீங்கள் என்றே நம்பிவிடும். அங்கே கெர்பரோஸ்தான் வழி. அமைப்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் செமஸ்டர் முடிவில் ப்ராஜெக்ட் காணாமல் போவதைவிட அது சுலபம்.

777 அடிக்கக் கை போகும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: தப்பாக இருப்பது பெயரா, எண்ணா?