கறுப்பு அங்கியை ஏளனம் செய்வோருக்கு

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் பங்குகளில் கேட்கும் பேச்சு ஆண்டுதோறும் ஒன்றே. மருத்துவம், பொறியியல், செவிலியர் படிப்பு என்றால் வீட்டில் மகிழ்ச்சி. மகளோ மகனோ சட்டம் படிக்க விரும்புவதாகச் சொன்னால் தாய் முகம் வாடுகிறாள். தந்தை சினம் கொள்கிறார். "பொய்யை விற்றுப் பிழைக்கும் தொழில் நமக்கு எதற்கு?" என்று உறவினர்கள் அறிவுரை பகர்கின்றனர். இந்த அறிவுரை தவறானது. நம் மக்களுக்குக் கேடும் விளைவிப்பது என்பதே நம் கருத்து.

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுவதும், கட்சிக்காரரின் நகையும் நிலமும் கட்டணமாகக் கரைவதும், பொய்ச்சாட்சி சொல்லிக்கொடுக்கும் வழக்கறிஞர்கள் இருப்பதும் உண்மையே. ஆனால் தேவையற்ற பரிசோதனைகளுக்கு எழுதிக்கொடுக்கும் மருத்துவரும், சிமெண்டில் கைவைக்கும் பொறியாளரும் நம்மிடையே இல்லையா? அவர்களைக் கண்டு மருத்துவத்தையும் பொறியியலையும் நாம் வெறுத்துவிடவில்லையே! சட்டத்திற்கு மட்டும் ஏன் இந்தத் தண்டனை?

இளைஞர்களைச் சட்டத்தின்பால் ஈர்ப்பது எது? திரைப்பட நீதிமன்றத்தில் ஒலிக்கும் அனல்பறக்கும் வசனம் என்பர் சிலர்; பணம் என்பர் வேறு சிலர். மூத்த வழக்கறிஞரின் கட்டுகளைச் சுமந்து, சொற்ப ஊதியத்தில் சில ஆண்டுகளைக் கழித்தபின் அந்த மயக்கங்கள் தாமே கலைந்துவிடும். அதன் பிறகும் ஒருவரைச் சட்டத்தோடு பிணைப்பது, ஒரு சொல்லின் பொருளைத் தேடும் இன்பமே. விவிலியத்தின் ஒரு சொல்லை எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எடைபோட்டுப் பார்த்த எவரும் இந்த இன்பத்தை அறிவர். சட்டத்திலோ அந்தத் தேடலின் முடிவில் ஓர் ஏழையின் வாழ்வு காத்து நிற்கிறது.

சட்டம் வகுத்த முறைப்படியன்றி எவருடைய உயிரையும் தன்னுரிமையையும் பறிக்கலாகாது என்கிறது நம் அரசியலமைப்பின் 21-ஆம் உறுப்பு. 'உயிர்' என்றால் மூச்சு மட்டும்தானா? பம்பாய் நடைபாதைவாசிகளின் வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் இக்கேள்வியை ஆராய்ந்து, பிழைக்கும் வழியைப் பறித்தால் உயிரையே பறித்ததாகும் என்று பொருள்கொண்டது. குடிசைகளை அகற்றும் அதிகாரத்தை அது முற்றிலும் மறுக்கவில்லை. ஆயினும் ஏழையின் பிழைப்பு, அரசு காட்டும் கருணை என்ற நிலையிலிருந்து உரிமை என்ற நிலைக்கு உயர்ந்தது.

அதற்கு முன் 1979-இல் பீகார்ச் சிறைகளின் அவலம் வெளிவந்தது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தண்டனைக் காலத்தையும் தாண்டி, விசாரணையே இன்றிப் பலர் அடைபட்டுக் கிடந்தனர். நாளிதழ்ச் செய்தியைப் படித்துப் பலரும் பெருமூச்சுவிட்டிருப்பர். கபிலா ஹிங்கோரானி என்னும் வழக்கறிஞர் ஆட்கொணர்வு மனுவுடன் உச்ச நீதிமன்றம் சென்றார். சிறைக் கதவுகள் திறந்தன. விரைவான விசாரணையும் ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவியும் உரிமைகள் என்று அவ்வழக்கில் நிலைநாட்டப்பட்டது. இதுவா பொய்யை விற்கும் தொழில்?

"கிறிஸ்தவன் நீதிமன்றப் படி ஏறலாமா?" என்று பக்தியோடு கேட்போரும் உளர். நம்பிக்கையாளர்கள் தமக்குள் வழக்காடுவதைப் பவுலடியார் கண்டித்தது உண்மை. அதே பவுலடியார்தான் தம்மைச் சாட்டையால் அடிக்க முற்பட்டபோது உரோமைக் குடியுரிமையை எடுத்துக்காட்டினார். பின்னர்ச் சீசரிடம் மேல்முறையீடும் செய்தார். தூய ஆவியாரைக் குறிக்கும் 'பராக்கிளீட்டு' என்ற கிரேக்கச் சொல்லே, வழக்கில் துணைநிற்க அழைக்கப்பட்டவரைக் குறிப்பதுதான். பிரித்தானியில் ஏழைகளின் வழக்கறிஞர் எனப் பெயர்பெற்ற குருவானவர் புனித இவோவைத் திருச்சபை 1347-இல் புனிதராக உயர்த்தியது. இத்தனைக்கும் பிறகு சட்டத்தை அலகையின் தொழிலாகப் பேசுவது எந்த மறைக்கல்வியில் கற்றது?

நம் வீட்டுக்கு அருகிலேயே நடந்த ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் சாலையோரத்தில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர் சூசை; ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். அதே தொழில் செய்த ஆதிதிராவிட இந்துக்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த பெட்டிக்கடை இவருக்கு மறுக்கப்பட்டது. காரணம், பட்டியல் சாதிகள் குறித்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை. அது 1956-இல் சீக்கியருக்கும், 1990-இல் பௌத்தருக்கும் விரிந்தது, கிறிஸ்தவருக்கு விரியவில்லை. சூசை உச்ச நீதிமன்றம் வரை சென்றார். 1985-இல் அவரது மனு தள்ளுபடியாயிற்று. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் மட்டும் போதாது, அதன் இழிவுகள் அதே கடுமையோடு தொடர்கின்றன என்பதற்கு விரிவான ஆதாரம் வேண்டும், அது வைக்கப்படவில்லை என்றது நீதிமன்றம்.

ஆதாரமா இல்லை? நம் கல்லறைத் தோட்டங்கள் சிலவற்றின் நடுவே எழுந்த சுவர்களைவிடப் பெரிய ஆதாரம் வேண்டுமா? அவற்றை அளந்து, படமெடுத்து, கிராமம் கிராமமாக வாக்குமூலம் பெற்று, சட்டத்தின் மொழியில் தொகுத்து நீதிபதிகளின்முன் வைக்கக் கற்றவர்கள் வேண்டும். பள்ளிகளும் கல்லூரிகளும் இத்தனை நடத்தும் ஒரு சமூகத்தில் அவர்கள் போதிய எண்ணிக்கையில் உருவாகாதது ஏன்? சட்டத்தைத் தீண்டத்தகாத படிப்பாக ஒதுக்கியதும் ஒரு காரணமன்றோ? அந்தச் சுவர்கள் நீதிமன்றத்தில் காட்சிப்பொருளாகிவிடுமே என்ற கூச்சமும் சிலருக்கு இருக்கலாம். அந்தக் கூச்சத்திற்கான விலையைச் செலுத்தியவர் சூசை.

பெற்றோரே, பங்குப் பேரவையினரே! சட்டம் படிக்க விரும்பும் பிள்ளையை வசைபாடி அனுப்பாதீர்கள். பங்கின் கல்வி உதவித்தொகையில் சட்ட மாணவருக்கும் ஓர் இடம் ஒதுக்குங்கள். பங்கு நூலகத்தில் தமிழில் வந்துள்ள அரசியலமைப்பை வாங்கி வையுங்கள். பட்டாவுக்காகவும் கூலிக்காகவும் அலையும் நம் மக்களுக்காகப் பேச, படித்தவர்கள் நம்மிடமிருந்தே வரட்டும்.