சங்கராபரணி ஆற்று நன்னீர் மீன்களுக்குப் பதிவேடு கோரும் மனு

பெறுநர்: ஆறு, ஏரி, மீன்வளம், உள்ளாட்சி ஆகியவற்றுக்குப் பொறுப்பான அரசு அதிகாரிகள், புதுச்சேரி.

பொருள்: சங்கராபரணியிலும் அதன் ஏரி, வாய்க்கால்களிலும் உள்ள நன்னீர் மீன்களைக் கணக்கெடுத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுதல் - தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் எங்கள் முந்தைய கடிதங்கள்.

ஐயா / அம்மையீர்,

சாரத்திலும் சுற்றுப்புறத்திலும் வாழ்ந்து, ஆற்று மீனை வாங்கியும் விற்றும் வருவோரின் சங்கம் இது.

முந்தைய கடிதங்கள் எதற்கும் பதில் வராததால், அவற்றில் எழுதியதை மீண்டும் எழுதுகிறோம். செஞ்சி மலைப் பக்கம் பிறந்து, வீடூர் அணையைத் தாண்டி, மண்ணாடிப்பட்டு, வில்லியனூர், அரியாங்குப்பம் கொம்யூன்கள் வழியே கடலில் சேரும் சங்கராபரணிதான் நம் பகுதியின் முதன்மை ஆறு. சுத்துக்கேணி வாய்க்கால் இந்த ஆற்றுநீரைத்தான் ஊசுட்டேரிக்குக் கொண்டுபோகிறது. ஆகவே ஆற்றின் மீனும் ஏரியின் மீனும் ஒரே குடும்பம். விரால், குரவை, தேளி, கெளுத்தி, ஆரல், அயிரை, உளுவை, பனையேறி, விலாங்கு என்று எங்கள் பெரியவர்கள் பெயர் சொல்லி வாங்கிய மீன்களில் எவை இன்றும் ஆற்றில் இருக்கின்றன, எந்த மடுவில் இருக்கின்றன என்று கேட்டோம். அந்தக் கேள்விக்கு விடை தரும் ஏடு எதையும் எவரும் எங்களுக்குக் காட்டவில்லை.

1816-இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு இயற்கையியலாளர் லெஷனோ இங்கிருந்து அனுப்பிய மீன்களைப் பாரிசில் வைத்து இயற்கையியலாளர்கள் கூவியேவும் வலான்சியேனும் ஆராய்ந்தார்கள். மீன்களைப் பற்றி 1828 முதல் வெளிவந்த அவர்களுடைய பெருநூலில் புதுச்சேரியின் பெயர் இடம்பெற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் பாரிசில் நடந்த வேலையை இன்று வில்லியனூரில் செய்து தாருங்கள் என்றுதான் கேட்கிறோம்.

இது சலுகை கேட்கும் மனு அன்று. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, உள்ளாட்சி அமைப்புகள் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும் என்கிறது. குழுவின் நோக்கத்திலேயே ஆவணப்படுத்துதலும் வாழிடப் பாதுகாப்பும் உள்ளூர் அறிவைப் பதிவுசெய்தலும் சேர்ந்திருக்கின்றன. 2019 ஆகஸ்டில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், குழுக்களை அமைத்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடுகளை முடிக்க 2020 ஜனவரி 31 வரை கெடு விதித்தது. தவறும் மாநிலம் மாதந்தோறும் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. மரம், மூலிகை, பறவை என்று பட்டியலிட்டு, மீனுக்கு ஒரு வரியோடு நிறுத்திவிட்டால் அது 41-ஆம் பிரிவை நிறைவேற்றியது ஆகாது. முந்தைய கடிதங்களிலும் இதே பிரிவைத்தான் காட்டினோம்.

பதிவேடு இல்லாததால் வரும் கேட்டை விலாங்கைக் கொண்டே சொல்லலாம். விலாங்கு கடலில் முட்டையிடும். அதன் குஞ்சு கழிமுகம் வழியே நன்னீருக்கு ஏறி, ஆற்றிலும் ஏரியிலும் பல ஆண்டு வளர்ந்து, மறுபடி கடலுக்கு இறங்கும். குறுக்கே ஒரு படுகை அணை எழுந்து, மீன் ஏற வழி விடாவிட்டால் அந்த ஓட்டம் அங்கேயே அறுந்துபோகும். செல்லிப்பட்டு - பிள்ளையார்குப்பம் படுகை அணை 2021 நவம்பர் வெள்ளத்தில் உடைந்தபோது நிலத்தடி நீரைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். அது நியாயமான கவலை. விவசாயிகளோடு எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அணைக்கு மேலே என்ன மீன், கீழே என்ன மீன் என்ற ஏடு இல்லாத இடத்தில், மீனுக்கு வழி வேண்டும் என்று பொறியாளரிடம் யார் எதைக் காட்டிப் பேசுவது? ஏட்டில் ஏறாத மீன் அழிந்தால் அரசுக் கணக்கில் எதுவும் குறைவதில்லை.

அயல் மீன்களின் கதையும் இதுவே. 1952-இல் நாட்டுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை பரவியபின்தான் 1959-இல் கட்டுப்பாடு வந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு 1997-இல் மத்திய அரசு தடை விதித்தது. இவை எந்த ஏரியில் எவ்வளவு புகுந்திருக்கின்றன என்று அறிய முதலில் நம் மீன்களின் பட்டியல் வேண்டும். விரால், தேளி, பனையேறி மூன்றும் காற்றைச் சுவாசிப்பதால் வற்றும் குட்டையிலும் தாங்கும். அயிரைக்கும் ஆரலுக்கும் மணல் வேண்டும். மணல் போன இடத்தில் எது மிஞ்சும் என்பதைக் கணக்கெடுப்புதான் சொல்லும்.

ஆகவே, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும், மணலிப்பட்டு முதல் அரியாங்குப்பம் கழிமுகம் வரையிலும், சுத்துக்கேணி வாய்க்காலிலும் ஊசுட்டேரியிலும், வலை வீசுவோரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் சென்று கணக்கெடுக்க வேண்டும். அவர்கள் சொல்லும் ஊர்ப்பெயர்களையே முதலில் எழுத வேண்டும். பட்டியல் வெளியாகும்வரை ஆற்றின் குறுக்கே எந்தப் புதுக் கட்டுமானமும் மீன்வழி இல்லாத வரைபடத்தோடு ஒப்புதல் பெறக் கூடாது.

மேலும் கீழ்க்காணும் கோரிக்கைகளையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்:

அ) கொசு ஒழிப்புக்குக் கம்பூசியா என்ற அயல் மீனை விடாமல் உள்ளூர்ச் சிறுமீன்களைப் பயன்படுத்துதல்.

ஆ) தடைசெய்யப்பட்ட மீன் வகைகளைப் படத்துடன் சந்தைகளில் அறிவித்தல்.

இ) வளர்ப்புத் தொட்டி மீன்களை வாய்க்காலில் விடுவதைத் தடுத்தல்.

ஈ) முட்டையிடும் மழைக்காலத்தில் சிறுகண் வலைகளைக் கட்டுப்படுத்துதல்.

41-ஆம் பிரிவின்படி மீன் கணக்கெடுப்பு எந்த மாதம் தொடங்கும், எந்த அலுவலர் பொறுப்பு என்ற இரண்டுக்கும் எழுத்துப்பூர்வமான பதிலைக் கோருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்,
சங்க உறுப்பினர்கள் சார்பாக,
சாரம், புதுச்சேரி.