ஏட்டில் பிறந்த மருந்துக்குத் தேர்வு வேண்டாமா?

சர்க்கரையை வேரோடு அறுக்கும் சூரணம், ரத்தக் கொதிப்பு மாத்திரையைத் தூக்கி எறியவைக்கும் லேகியம் என்று காலையில் தொலைக்காட்சியில் தொடங்கும் விளம்பரம், இரவு கைபேசி வரை தொடர்கிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வுப்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 35.5 விழுக்காடு. இவற்றைப் பணக்காரர் நோய் என்று சொன்ன காலம் போய்விட்டது. சித்தாளுக்கும் தூய்மைப் பணியாளருக்கும் சர்க்கரை இருக்கிறது. மருத்துவமனை வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற நிலையில் இருப்பவரிடம்தான் ‘வாழ்நாள் மாத்திரை வேண்டாம்’ என்ற விளம்பரம் எளிதில் எடுபடுகிறது.

இப்படி விளம்பரம் செய்வது சட்டப்படிக் குற்றம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாயத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை நோயையும் ரத்த அழுத்தத்தையும் பெயர் சொல்லியே தடைப் பட்டியலில் வைத்திருக்கிறது. பதஞ்சலி நிறுவனம் இத்தகைய விளம்பரங்களுக்காக உச்ச நீதிமன்றத்தில் நின்று, 2024இல் நாளேடுகளில் மன்னிப்பு வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஒன்றிய அரசு என்ன செய்தது? ஆயுஷ் மருந்து விளம்பரங்களுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்ற 170ஆம் விதியையே நீக்கியது. ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம் அந்த நீக்கத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட்டில் வழக்கு முடித்துவைக்கப்பட்டபோது அந்தத் தடையும் விலகியது. வேலியை அகற்றிய கை எது என்பதை மக்கள் மறந்துவிடக் கூடாது.

இதைவிட ஆழமான சிக்கல் இன்னொன்று உண்டு. புதிதாக வரும் அலோபதி மருந்து ஒன்று விற்பனைக்கு வர வேண்டுமானால், அது மனிதர்களிடம் சோதிக்கப்பட்டு, தீங்கில்லை, பலன் தருகிறது என்று காட்ட வேண்டும். ஆனால் சட்டத்தின் அட்டவணையில் உள்ள பழைய நூல்களில் சொன்னபடி செய்து, சொன்ன நோய்க்கே விற்கும் ஆயுர்வேத மருந்துக்கு, 158-பி விதி இந்த இரண்டு தேர்வுகளையும் கேட்பதில்லை. நூலில் இருக்கிறது என்பதே தகுதி! எங்கே பிறந்தது என்று பார்த்துத் தேர்வின்றி உயர்வு கொடுக்கும் இந்த முறையை நாம் நன்றாகவே அறிவோம். மனிதர்களிடையே அதற்குப் பெயர் வருணம்.

‘இது நம் முன்னோர் அறிவு’ என்பார்கள். எந்த முன்னோர்? மருத்துவன் தரும் சோற்றை உண்ணத்தகாதது என்று ஒதுக்கியது மனுதர்மம். புண்ணையும் பிணத்தையும் தொட்டவர்களைத் தீட்டு என்று தள்ளிய சனாதனம், இன்று அவர்களின் அறிவுக்கு உரிமை கொண்டாடுகிறது. சுசுருத சம்ஹிதையோ, மாணவராகச் சேர்க்க மேல் மூன்று வருணங்களைச் சொல்லிவிட்டு, சூத்திரரை மந்திரமில்லாமல் சேர்க்கலாம் என்பதைச் சிலர் கருத்தாக மட்டும் குறிக்கிறது. கேரள மூலிகைகளைத் தொகுத்து 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிகஸ்’ நூலுக்கு அறிவை வழங்கியவர்களில் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர். செடியின் குணம் அறிந்தவர்கள் காட்டிலும் வயலிலும் உழைத்தவர்கள். அந்த அறிவு அனுபவத்தில் சோதித்துப் பெற்றது. அதை வேதவாக்காக்கிக் கேள்விக்கு அப்பால் வைப்பது அதைக் கொல்வதாகும்.

நமக்கு மூலிகை மீது பகை இல்லை. சர்ப்பகந்தா வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் நோயாளிகளிடம் சோதித்து 1949இல் வெளியிட்டார். 1952இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அதன் அளவும் தெரிந்தது, பக்கவிளைவும் தெரிந்தது. சர்க்கரைக்கு இன்று நாம் விழுங்கும் மெட்ஃபார்மினின் வரலாறும் கலேகா என்ற ஐரோப்பிய நாட்டு மூலிகையில்தான் தொடங்குகிறது. தேர்வில் நின்றால் எந்த ஊர் வேரும் உலக மருந்தாகும்.

தேர்வில்லாமல் போனால் என்ன ஆகும்? அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளை ஆராய்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வில், 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்ற நச்சு உலோகங்கள் இருந்தன. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்தி என்று பரப்பப்பட்ட சீந்தில் கொடியைத் தொடர்ந்து உண்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தனர். இவற்றைவிடப் பெரிய கேடு, மாத்திரையை நிறுத்துவது. சர்க்கரையும் கொதிப்பும் வலி காட்டாமல் சிறுநீரகத்தையும் கண்ணையும் தின்னும். தெரியவரும்போது காலை எடுக்க வேண்டியிருக்கும், அல்லது டயாலிசிஸ். வசதி உள்ளவர் லேகியத்தில் ஏமாந்தாலும் நிபுணரிடம் ஓடுவார். கூலித் தொழிலாளியின் குடும்பம் கடனில் மூழ்கும்.

சித்த மருத்துவத்துக்கும் இதே அளவுகோல்தான். தமிழ் என்பதற்காக விலக்குக் கேட்பவர், சமஸ்கிருதத்துக்குத் தரும் விலக்கை எதிர்க்க முடியாது.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வரிசையில் கூலி இழப்பவருக்கு உண்மையான பதில் இதுதான். ஊரின் கடைசியில் இருக்கும் சேரிக்கும் அது தவறாமல் போய்ச் சேர வேண்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதன்படி நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் மாநில அரசிடம் உண்டு. தமிழ்நாடு அரசு அதைப் பயன்படுத்த வேண்டும்.

மக்களுக்கு நாம் சொல்வது: சூரணம் சாப்பிட்டாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். சாப்பிடுவதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மூன்று மாதச் சர்க்கரை அளவைப் பரிசோதித்துப் பாருங்கள். எந்த முனிவர் சொன்னார் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.