எடுத்தாரா, விளாசினாரா?

விளையாட்டுப் பக்கத்தில் இப்போதெல்லாம் யாரும் ரன் எடுப்பதே இல்லை. இருபது அடித்தாலும் விளாசல், இருநூறு அடித்தாலும் விளாசல். எனக்கு இதில் பெரிய மனக்குறை.

ரன் எப்படி வந்தது என்பதை வினைச்சொல்லிலேயே சொல்லிவிடும் வசதி நமக்கு உண்டு. தட்டிவிட்டு ஓடினால் எடுத்தார். விக்கெட் சரிந்த நேரத்தில் இரண்டு பேர் நின்று ஆடினால் சேர்த்தார்கள். நாள் முழுக்க நின்று ஆடினால் குவித்தார். பந்து திரும்பத் திரும்ப எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் விளாசினார். அப்துல் ஜப்பாரின் தமிழ் கிரிக்கெட் வர்ணனையை ரேடியோவில் கேட்டவர்களுக்கு, ஆட்டக்காரர் ஓடினாரா, நின்ற இடத்திலிருந்தே அடித்தாரா என்பது அந்தச் சொல்லை வைத்துத்தான் தெரியும்.

2008-இல் சேப்பாக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சேவாக் 304 பந்துகளில் 319. அதில் 42 ஃபோர், 5 சிக்ஸர். இதை விளாசல் என்று எழுதாமல் வேறு எதை எழுதுவது? ஆனால் கூட்டிப் பாருங்கள்: எல்லைக்கோட்டைத் தாண்டி வந்தவை 198, மீதி 121 ரன் சென்னை வெயிலில் ஓடி எடுத்தவை. அந்த ஓட்டத்துக்கும் செய்தியில் ஒரு வரி வேண்டாமா? பந்து மட்டையில் படாமல் உடம்பில் பட்டுப் போகும் லெக் பையில் இன்னும் அநியாயம். அப்போதும் ஆட்டக்காரர் மூச்சிரைக்கத்தான் ஓடுகிறார். கணக்கு உதிரிக்குப் போய்விடுகிறது.

1975 உலகக் கோப்பையில், லார்ட்ஸில் இங்கிலாந்து 334 குவித்தது. அதைத் துரத்த வேண்டிய இந்தியாவுக்காக 60 ஓவரும் நின்ற கவாஸ்கர் 174 பந்துகளில் எடுத்தது 36. திட்டுவதற்கும் அங்கே 'எடுத்தார்' என்ற சொல்தான் சரி.

ஜனவரி 2021, சிட்னி டெஸ்ட்டில் இந்தியா தோல்வியைத் தவிர்க்கப் போராடிய கடைசி நாள். முதுகுவலியோடு அஸ்வின், தொடைத்தசை பிடித்துக்கொண்ட விஹாரி. நாற்பது ஓவருக்கு மேல் இருவரும் அசையவில்லை. விஹாரி 161 பந்துகளில் 23, அஸ்வின் 128 பந்துகளில் 39. டெஸ்ட் டிரா ஆனது. உடம்பில் வாங்கிய அடியும் விட்டுவிட்ட பந்துகளும்தான் அன்றைய ஆட்டமே. அதைப் பார்க்காதவருக்கு எழுதும்போது, தயவுசெய்து, அஸ்வின் 39 ரன் எடுத்தார் என்றே எழுதுங்கள்.