பற்றும் பரப்பு



முன்பல் உடைந்த ஒருவருக்குப் பீங்கான் மேலுறை பொருத்தப்படுகிறது. சில மாதங்களில் அது கழன்று கையோடு வந்துவிடுகிறது. "பசை சரியில்லை" என்று உடனே முடிவு கட்டுகிறோம். ஆனால் பல வேளைகளில் குறை பசையில் இல்லை. பசை பற்றவேண்டிய பரப்பில் இருக்கிறது.

1930களில் சார்லஸ் பிங்கஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர், ஹாலிவுட் நடிகர்களுக்கு மெல்லிய மேலுறைகள் செய்தளித்தார். படப்பிடிப்பு முடிந்ததும் அவற்றைக் கழற்றிவிட வேண்டும். நிலையாக ஒட்டும் வழி அன்று இல்லை. 1955இல் மைக்கேல் பூனக்கோர், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சற்றே அரித்தால் பிசின் இறுகப் பற்றும் என்று காட்டினார். பல்லின் பக்கம் வழி திறந்தது. 1983இல் சைமன்சன், கலாமியா இருவரும் ஹைட்ரோபுளோரிக் அமிலத்தால் அரிக்கப்பட்ட பீங்கானிலும் பிசின் உறுதியாகப் பற்றுவதை அறிவித்தனர். மறுபக்கமும் திறந்தது.

நிகழ்வது இதுதான்: பீங்கானிலுள்ள கண்ணாடிப் பகுதியை அமிலம் கரைத்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்குழிகளை உண்டாக்குகிறது. பிசின் சிமெண்டு அவற்றுள் புகுந்து கெட்டிப்படுகிறது. இடையில் பூசப்படும் சிலேன் என்னும் திரவம் ஒரு கையால் பீங்கானையும் மறு கையால் பிசினையும் பிடித்துக்கொள்கிறது. இதிலும் அளவு உண்டு. லித்தியம் டைசிலிகேட் வகைக்கு 5 சதவீத அமிலம், 20 விநாடி போதும். மிகுதியாக அரித்தால் பீங்கானே வலுவிழக்கும். தோலில் பட்டால் உள்ளிறங்கிக் கேடு செய்யும் கொடிய அமிலம் இது; பழகிய கைகளுக்கே உரியது.

இன்று பெருகிவரும் சிர்கோனியாவில் கண்ணாடிப் பகுதி இல்லை. ஆகவே அந்த அமிலம் அங்குப் பயன் தராது. அலுமினா நுண்துகளைக் காற்றால் வீசிப் பரப்பைச் சொரசொரப்பாக்கி, எம்.டி.பி. என்னும் வேதிப்பொருள் கலந்த பூச்சையோ சிமெண்டையோ பயன்படுத்த வேண்டும்.

எவ்வகையாயினும், அளவு பார்க்க வாயில் வைத்தெடுத்த உறையில் உமிழ்நீர் படிந்திருக்கும். அதை முறையாகத் துடைத்தெடுக்காமல் ஒட்டினால் முன்செய்த உழைப்பெல்லாம் வீண்.

எனவே மருத்துவரிடம் தயங்காமல் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: "இவ்வுறை எந்தப் பொருளால் ஆனது? இதன் உட்புறம் எவ்வாறு பக்குவப்படுத்தப்படும்?" உறை கழன்றால் சிறு டப்பாவில் பத்திரப்படுத்தி அவரிடமே எடுத்துச் செல்லுங்கள். கடைப் பசையால் நீங்களே ஒட்டிக்கொள்ளாதீர்கள். உறையை மீண்டும் செய்துகொள்ளலாம். அதற்காகச் சீவப்பட்ட எனாமல் மீண்டும் வளராது.